மேஜர் டெய்லரின் பந்தய மிதிவண்டியும் பொதுவழி உரிமையும்

விடுமுறை நாள்களின் அதிகாலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் நிற்பவர்கள், சென்னையிலிருந்து மாமல்லபுரம் நோக்கி மிதிவண்டி வீரர்கள் அணியணியாகச் செல்வதைக் காணலாம். முட்டுக்காட்டையும் கோவளத்தையும் கடந்து போகும் அவர்களது வண்டிகளில் பல, ஏழெட்டுக் கிலோ எடை மட்டுமே கொண்டவை. கார்பன் இழையால் ஆன அவற்றின் விலை லட்சங்களைத் தொடும். அதே சாலையிலிருந்து மேற்கே பிரியும் கிராமத்துப் பாதைகளில், அரசு வழங்கிய கனத்த மிதிவண்டியில் புத்தகப் பையுடன் மாணவியர் பள்ளிக்குப் போகிறார்கள்.

மிதிவண்டி எளிய எந்திரம். சமநிலை பழகிய எவரையும் அது சுமந்து செல்லும். மிதிப்பவரின் பிறப்பை அது கேட்பதில்லை. பிறப்பைக் கேட்டது எப்போதும் தெருதான். தலித் மக்கள் ஊர்த்தெருவுக்குள் நுழையும்போது மிதிவண்டியிலிருந்து இறங்கி, அதைத் தள்ளிக்கொண்டு நடக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு தமிழ்நாட்டின் பல ஊர்களில் இருந்ததை நம் முன்னோர் அறிவர். அக்கட்டுப்பாடு எல்லா இடங்களிலும் ஒழிந்துவிட்டதாக இன்றும் சொல்ல இயலாது.

இந்தத் தெருவைத் திறக்கக் குரல் கொடுத்தவர் இதே செங்கல்பட்டு மண்ணின் மைந்தர். மதுராந்தகத்தை அடுத்த கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன், 1924ஆம் ஆண்டு சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானம், எச்சாதியைச் சேர்ந்த எவரும் பொதுச்சாலையிலும் பொதுத்தெருவிலும் நடக்கலாம், பொதுக்கிணற்றிலும் பொதுக்குளத்திலும் நீர் எடுக்கலாம் என்று அறிவிக்கச் செய்தது. 1925இல் அது அரசிதழில் வெளியானது. நடப்பதற்கே ஒரு தீர்மானம் தேவைப்பட்ட நாடு இது.

சீனிவாசன் இங்கே பறையர் மகாஜன சபையையும் ‘பறையன்’ இதழையும் நடத்திக்கொண்டிருந்த 1890களில், கடலுக்கு அப்பால் ஒரு கறுப்பின இளைஞர் மிதிவண்டிப் பந்தயத் தடத்தில் இதே போராட்டத்தை வேறொரு வடிவில் நடத்திக்கொண்டிருந்தார். உலகின் மிக வேகமான மிதிவண்டி வீரர் என்று போற்றப்பட்ட அவர், மார்ஷல் வால்டர் டெய்லர். உலகம் அவரை மேஜர் டெய்லர் என்று அறிந்தது. ஜோதிராவ் புலே 1873இல் தமது ‘குலாம்கிரி’ நூலை அமெரிக்க அடிமை ஒழிப்புக்குப் பாடுபட்டோருக்குக் காணிக்கையாக்கினார். அண்ணல் அம்பேத்கர் 1946இல் கறுப்பின அறிஞர் டூபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். 1972இல் மராட்டிய மண்ணில் எழுந்த தலித் பேந்தர்கள், அமெரிக்கக் கருஞ்சிறுத்தைகளிடமிருந்து தம் பெயரைப் பெற்றனர். அந்த நெடிய உறவின் வரிசையில் வைத்து நாம் வாசிக்க வேண்டிய வாழ்வு டெய்லருடையது.

கடனாகக் கிடைத்த குழந்தைப் பருவம்

1878 நவம்பர் 26 அன்று அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் டெய்லர் பிறந்தார். தந்தை கில்பர்ட், அடிமை முறையை ஒழித்த உள்நாட்டுப் போரில் பங்கேற்ற முன்னாள் படைவீரர். தாய் சஃப்ரோனியா, ஆழ்ந்த சமய நம்பிக்கை கொண்டவர். கென்டக்கி மாநிலத்திலிருந்து பிழைப்பைத் தேடி வடக்கே வந்த குடும்பம் அது. வீட்டில் பிள்ளைகள் பலர், வருமானமோ குறைவு.

கில்பர்ட், சௌதார்ட் என்ற செல்வமிக்க வெள்ளையர் குடும்பத்தில் குதிரை வண்டியோட்டியாக வேலைக்கு அமர்ந்தார். அக்குடும்பத்தின் சிறுவனுக்கு விளையாட்டுத் தோழனாக எட்டு வயது டெய்லர் அழைத்து வரப்பட்டார். அதே வீட்டில் தங்கினார். ஒரே வகையான உடையை உடுத்தினார். ஒரே பாடத்தைப் படித்தார். மற்றச் சிறுவர்களிடம் மிதிவண்டி இருந்ததால் அவருக்கும் ஒன்று வாங்கித் தரப்பட்டது. அவரது வாழ்வின் முதல் மிதிவண்டி இப்படித்தான் வந்தது.

அந்தச் சமத்துவத்துக்கு எல்லை இருந்தது. நண்பர்கள் அனைவரும் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கூடத்துக்குள் சென்றபோது, தோலின் நிறத்தால் டெய்லர் வாயிலிலேயே நிறுத்தப்பட்டார். உள்ளே தோழர்கள் ஓடியாடுவதை அவர் வெளியிலிருந்து பார்க்க வேண்டியிருந்தது. பள்ளியில் தண்ணீர்ப் பானையிலிருந்து விலக்கி நிறுத்தப்பட்ட சிறுவன் பீமாராவை அறிந்த நமக்கு, இந்தக் காட்சியை விளக்கத் தேவையில்லை. சில ஆண்டுகளில் சௌதார்ட் குடும்பம் சிகாகோவுக்குக் குடிபெயர்ந்தது. டெய்லர் தம் வீட்டுக்குத் திரும்பினார். கடனாகக் கிடைத்த குழந்தைப் பருவம் முடிந்துவிட்டது. மிதிவண்டி மட்டும் கையில் எஞ்சியது. அதில் ஏறி வீடுவீடாகச் செய்தித்தாள் போட்டு அவர் சம்பாதிக்கத் தொடங்கினார்.

சீருடையும் பட்டமும்

வண்டியை வைத்துக்கொண்டு பல வித்தைகளைத் தாமே கற்றுக்கொண்டிருந்தார் டெய்லர். பதின்மூன்று வயதளவில், உள்ளூரில் ஹே அண்டு வில்லிட்ஸ் என்ற மிதிவண்டிக் கடையில் வேலை கிடைத்தது. கடையைப் பெருக்கித் துடைப்பது, பிற்பகலில் கடை வாசலில் வித்தை காட்டிக் கூட்டம் சேர்ப்பது ஆகிய இரண்டும் அவருடைய பணிகள். வித்தை காட்டும்போது படை அதிகாரியின் சீருடை போன்ற உடையை அணிவித்தார்கள். அந்த உடையால் வந்த பெயர்தான் மேஜர். வாடிக்கையாளரைச் சிரிக்கவைக்கச் சூட்டப்பட்ட பட்டத்தை, உலகம் மரியாதையுடன் உச்சரிக்கும் பெயராக அவர் பின்னாளில் மாற்றினார்.

கடை உரிமையாளர் ஒருநாள் வேடிக்கைக்காக அவரைப் பத்து மைல் சாலைப் பந்தயத்தில் நிறுத்தினார். கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டுச் சிறுவன் திரும்பிவிடுவான், பார்ப்பவர்கள் சிரிப்பார்கள் என்பது எண்ணம். வளர்ந்த வீரர்களை முந்திக்கொண்டு டெய்லர் முதலாவதாக வந்து, களைப்பால் சாய்ந்து விழுந்தார். பரிசாகக் கிடைத்த தங்கப் பதக்கத்தைத் தாயிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்.

கறுப்புச் சிறுவன் வேடிக்கை காட்டும்வரை கைதட்டிய கூட்டம், அவன் வெல்லத் தொடங்கியதும் முகம் மாறியது. 1894இல் அமெரிக்க மிதிவண்டியோட்டிகளின் பேரமைப்பான லீக் ஆஃப் அமெரிக்கன் வீல்மென், வெள்ளையருக்கு மட்டுமே உறுப்புரிமை என்று விதி வகுத்தது. 1896இல் இண்டியானாபொலிஸின் பந்தயத் தடத்தில், போட்டிக்கு வெளியே, டெய்லர் ஒரு மைல் தூரத்தைப் புகழ்பெற்ற வெள்ளை வீரரின் நேரத்தைவிடக் குறைவான நேரத்தில் கடந்தார். அதற்குக் கிடைத்த வெகுமதி, அந்தத் தடத்தில் இனி அவர் கால்வைக்கக் கூடாது என்ற தடை.

அவருக்குத் துணை நின்றவர் லூயி முங்கர் என்ற வெள்ளையர். முன்னாள் பந்தய வீரரும் மிதிவண்டி உற்பத்தியாளருமான முங்கர், டெய்லரை வேலைக்கு வைத்துக்கொண்டு பயிற்சியும் தந்தார். கறுப்பரை அருகில் வைத்திருப்பதைச் சுற்றியிருந்தோர் எதிர்த்தபோது, 1895இல் தம் தொழிலை மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வூஸ்டர் நகருக்கு மாற்றிக்கொண்டு டெய்லரையும் உடன் அழைத்துச் சென்றார். வூஸ்டரில் ஒய்.எம்.சி.ஏ. கதவு டெய்லருக்குத் திறந்தது. முறையான உடற்பயிற்சியை அவர் அங்குதான் தொடங்கினார்.

எடை குறைந்த எந்திரம்

டெய்லர் ஏறியமர்ந்த எந்திரத்தைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். ஒரே அளவான இரு சக்கரங்களும் பின்சக்கரத்தைச் சுழற்றும் செயினும் கொண்ட மிதிவண்டி 1885இல் இங்கிலாந்தில் வெற்றிகரமாக விற்பனைக்கு வந்தது. 1888இல் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். அடுத்த பத்தாண்டுகளில் உற்பத்தியாளர்கள் எடையைக் குறைப்பதில் போட்டியிட்டனர். மெல்லிய எஃகுக் குழாய்களைப் பற்றவைத்து ஃபிரேம் செய்தார்கள். ரிம்மை மரத்தால் செய்தார்கள். டியூபையும் டயரையும் ஒன்றாகத் தைத்து ரிம்மின் மேல் பசையிட்டு ஒட்டினார்கள். இதனால் தடப் பந்தய வண்டியின் எடை சுமார் பத்துக் கிலோவுக்கு வந்தது. நம் ஊர்களில் பால் கேனும் நெல் மூட்டையும் ஏற்றிய கறுப்பு நிறச் சைக்கிளின் எடையில் அது ஏறத்தாழப் பாதி.

அந்த வண்டியில் பிரேக் கிடையாது, ஃப்ரீவீல் கிடையாது. சக்கரம் சுழலும்வரை பெடலும் சுழன்றுகொண்டே இருக்கும். காலை நிறுத்தினால் வண்டி வீரரைத் தூக்கி எறியும். வேகத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் கால்களின் வலிமையால் மட்டுமே. குறுந்தொலைவுப் பந்தயத்தில் வெற்றி கடைசி இருநூறு மீட்டரில் முடிவாகிறது. அங்கே வண்டி எவ்வளவு இலேசாக இருக்கிறதோ அவ்வளவு விரைவாக அது வீரரின் உந்துதலுக்குப் பதில் சொல்லும்.

டெய்லர் இந்த எந்திரத்தைத் தம் உடலுக்கு ஏற்பத் திருத்தினார். ஹேண்டில்பாரை முன்னோக்கி நீட்டும் ஓர் இணைப்பைப் பயன்படுத்தி, முதுகைத் தாழ்த்திக் காற்றைக் கிழித்துச் செல்லும் நிலையில் அமர்ந்தார். நீளத்தைக் கூட்டவும் குறைக்கவும் வசதியுள்ள அந்த இணைப்பு இன்றும் பழைய பந்தய வண்டிகளைச் சேகரிப்போரிடையே அவர் பெயரால் அழைக்கப்படுகிறது. பின்னர் ஐவர் ஜான்சன் நிறுவனம் அவருக்கு வண்டி வழங்கியது. மேல்குழாய்க்கு அடியில் பாலத்தின் வளைவைப் போல ஒரு குழாய் வளைந்து தாங்கும் ஃபிரேம் அந்நிறுவனத்தின் அடையாளம். எடையை அதிகம் கூட்டாமல் உறுதியைக் கூட்டும் அமைப்பு அது. துப்பாக்கியும் மிதிவண்டியும் ஒருசேரத் தயாரித்த அந்நிறுவனத்தின் விளம்பரங்களில் ஒரு கறுப்பின வீரரின் பெயர் இடம்பெற்றது. அக்காலத்தில் அது சாதாரணமன்று.

தடத்தில் ஒரு முற்றுகை

1896 டிசம்பரில் நியூயார்க்கின் மேடிசன் சதுக்க அரங்கில் டெய்லர் தொழில்முறை வீரராக அறிமுகமானார். வயது பதினெட்டு. அரை மைல் பந்தயத்தில் அன்றைய தேசிய வாகையரான எடி பால்டை முந்தினார். தொடர்ந்து ஆறு நாள் பந்தயத்தில் இறங்கி, உறக்கமின்மையால் மனம் தடுமாறிய நிலையிலும் 1,732 மைல், அதாவது ஏறத்தாழ 2,787 கிலோமீட்டர் ஓட்டி எட்டாம் இடம் பெற்றார்.

அதன் பிறகு தடத்தில் அவருக்கு எதிரான முற்றுகை தொடங்கியது. அதைப் புரிந்துகொள்ள மிதிவண்டிப் பந்தயத்தின் ஒரு நுட்பத்தை அறிய வேண்டும். வேகம் கூடக்கூடக் காற்றின் தடை பன்மடங்கு பெருகும். முன்னே செல்பவர் அந்தத் தடையை முழுதாக ஏற்கிறார். அவரை ஒட்டிப் பின்னால் செல்பவருக்கு உழைப்பு வெகுவாகக் குறைகிறது. எனவே பலர் கூடி முறைமாற்றி ஒருவர் நிழலில் ஒருவர் ஒதுங்கினால், தனி ஒருவரைக் களைக்கவைத்துவிடலாம். முன்னே ஒருவர், பக்கத்தில் ஒருவர், பின்னே ஒருவர் என்று சூழ்ந்துகொண்டால், எவ்வளவு வலிமை இருந்தாலும் அவர் வெளியே வர வழியிராது. தனியாளாக நின்ற டெய்லருக்கு எதிராக வெள்ளை வீரர்கள் இந்த உத்தியைப் பந்தயத்துக்குப் பந்தயம் கையாண்டனர். பரிசுப் பணத்தைப் பின்னர் தமக்குள் பங்கிட்டுக்கொண்டனர்.

சேரிக்குப் பாதை விடாமல் நாற்புறமும் பட்டா நிலத்தால் சூழும் ஊர் அமைப்பைக் கண்டவர்களுக்கு இது விளங்கும். சூழ்ந்து நிற்பவர் எவரும் தனித்தனியே குற்றம் செய்ததாகத் தோன்றாது. ஆனால் உள்ளே இருப்பவருக்கு வழி இராது.

வழியடைப்பு போதாதபோது வன்முறை வந்தது. அவர் மேல் குளிர்ந்த நீரை ஊற்றினர். அவரது வண்டியின் முன் ஆணிகளை இறைத்தனர். 1897இல் மாசசூசெட்ஸின் டான்டன் நகரில், பந்தயம் முடிந்த கணத்தில் வில்லியம் பெக்கர் என்ற வீரர் அவரைக் கீழே தள்ளிக் கழுத்தை நெரித்தார். காவலர் வந்து விலக்கிய பிறகும் டெய்லர் பல நிமிடங்கள் நினைவிழந்து கிடந்தார். பெக்கருக்குக் கிடைத்தது 50 டாலர் அபராதம். தென்மாநிலங்களின் பந்தய ஏற்பாட்டாளர்கள் அவரது பெயரைப் பதிவுசெய்யவே மறுத்தனர். அப்பந்தயங்களின் புள்ளிகளைச் சேர்த்தே தேசிய வாகையர் முடிவாவார் என்பதால், ஓட விடாமலேயே அவரைத் தோற்கடிக்க முடிந்தது.

டெய்லர் இதற்குக் கண்ட விடை தந்திரமும் வேகமும். கூட்டத்துக்கு முன்னேயே இருந்துவிடுவது, கடைசிச் சுற்றில் ஒரு சிறு இடைவெளி திறக்கும் கணத்தில் பாய்ந்துவிடுவது ஆகியவற்றை அவர் கலையாகவே வளர்த்துக்கொண்டார். கைகலப்பில் இறங்குவதில்லை என்பதில் உறுதியாக இருந்தார். இறங்கியிருந்தால் அந்த ஒரு காரணமே அவரை நிரந்தரமாக வெளியேற்றப் போதுமாயிருந்திருக்கும்.

உலக வாகையர்

1898க்குள் பல தூரங்களில் உலகச் சாதனைகள் அவர் வசமாயின. 1899 ஆகஸ்டில் கனடாவின் மாண்ட்ரியாலில் நடந்த உலகப் போட்டியில் ஒரு மைல் விரைவோட்டத்தில் வென்று உலக வாகையரானார். குத்துச்சண்டை வீரர் ஜார்ஜ் டிக்சனுக்கு அடுத்து, எந்த விளையாட்டிலும் உலகப் பட்டம் பெற்ற இரண்டாவது கறுப்பின வீரர் அவரே. அதே ஆண்டு நவம்பரில் சிகாகோவில், எந்திரம் பொருத்திய வழிகாட்டி வண்டியின் பின்னே ஒரு மைலை 1 நிமிடம் 19 நொடியில் கடந்தார். மணிக்குச் சுமார் 73 கிலோமீட்டர் வேகம் அது. அடுத்த ஆண்டு, அதுவரை மறுக்கப்பட்டுவந்த அமெரிக்க வாகையர் பட்டமும் அவரிடம் வந்தது.

அவரது இன்னொரு உறுதியும் சொல்லத்தக்கது. தாயிடமிருந்து பெற்ற பாப்டிஸ்ட் சமய நம்பிக்கையால் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் பந்தயத்தில் கலந்துகொள்வதில்லை. பெரும் பணம் தர முன்வந்த ஐரோப்பிய ஏற்பாட்டாளர்களையும் இதனாலேயே மறுத்தார். இறுதியில் அவர்கள் இறங்கிவந்து வார நாள்களில் பந்தயம் வைக்க இசைந்தனர். 1901இல் அவர் ஐரோப்பா சென்றார். மே மாதத்தில் பாரிஸில் பிரெஞ்சு வீரர் எட்மண்ட் ஜாக்லினிடம் குளிரான ஒருநாளில் முதலில் தோற்றார். பதினோரு நாள் கழித்து நடந்த மறுபோட்டியில் வென்றார். தெருவில் அவரைக் காணக் கூட்டம் கூடியது. விடுதிகள் அவரை வரவேற்றன. பிறந்த நாட்டில் கிடைக்காத மதிப்பு அயல்நாட்டில் கிடைத்தது.

ஏறக்குறைய அவர் வயதொத்த பல்வாங்கர் பாலுவை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. சமார் சாதியில் பிறந்த அந்தச் சுழற்பந்து வீச்சாளர், 1911ஆம் ஆண்டு இங்கிலாந்துச் சுற்றுப்பயணத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட விக்கெட்டுகளை வீழ்த்தினார். ஆனால் தாயகத்தில் அவரது தேநீர் ஆட்டக்கூடத்துக்கு வெளியே, தனிக் குவளையில் தரப்பட்டது. இந்துக்கள் அணியின் தலைமை அவருக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. அவர் எடுத்த விக்கெட்டுகளை ஏற்றுக்கொண்ட அணி, அவர் தொட்ட கோப்பையை ஏற்கவில்லை.

டெய்லர் வூஸ்டரில் வெள்ளையர் வாழும் பகுதியில் ஒரு வீடு வாங்கினார். அண்டை வீட்டார் கூடி, கூடுதல் விலை கொடுத்தாவது அதைத் திரும்ப வாங்கிவிட முயன்றனர். அவர் விற்கவில்லை. 1902இல் டெய்சி மோரிஸை மணந்தார். இருவரும் ஆஸ்திரேலியா சென்றனர். இந்தியர் உள்ளிட்ட நிறத்தோர் குடியேறுவதைத் தடுக்க 1901இல் சட்டம் இயற்றியிருந்த நாடு அது. மக்கள் அரங்குகளில் திரண்டு அவரை வாழ்த்தினர். ஆனால் இரண்டாம் பயணத்தில், அமெரிக்காவிலிருந்து அவர் பின்னாலேயே வந்த ஃபிளாய்ட் மெக்ஃபார்லேண்டு போன்ற வீரர்கள் பழைய முற்றுகையை அங்கும் அமைத்தனர். அந்த நெருக்கடிகளுக்கு நடுவே 1904 மே மாதம் சிட்னியில் மகள் பிறந்தாள். அந்நகரின் பெயரையும் சேர்த்து ரீட்டா சிட்னி என்று பெயரிட்டனர்.

தாயகம் திரும்பிய குடும்பம் சான் பிரான்சிஸ்கோவில் இறங்கியது. அங்கே உணவகங்கள் அவர்களுக்கு உணவு பரிமாற மறுத்தன. மூன்று கண்டங்கள் கொண்டாடிய வீரர், கைக்குழந்தையோடு தம் சொந்த நாட்டில் உண்ண இடமின்றி நின்றார். உடலும் மனமும் சோர்ந்து, மூன்றாண்டுகள் அவர் பந்தயத்திலிருந்து விலகியிருந்தார். 1907இல் மீண்டும் ஐரோப்பா சென்று சில வெற்றிகள் பெற்றார். பணத்தேவையால், காத்துவந்த ஞாயிற்றுக்கிழமை விரதத்தையும் இறுதியில் கைவிட்டார். 1910இல், 32 வயதில், மிதிவண்டியிலிருந்து இறங்கினார்.

பெயரில்லாத புதைகுழி

தடத்துக்கு வெளியே அவரால் வெல்ல முடியவில்லை. தாமே வடிவமைத்த வாகனச் சக்கரம் ஒன்றில் சேமிப்பின் பெரும்பகுதியை முதலிட்டு இழந்தார். அடுத்தடுத்த தொழில்களும் கைகொடுக்கவில்லை. வீட்டை விற்க நேர்ந்தது. 1920களின் இறுதியில் தம் வாழ்க்கை வரலாற்றைத் தாமே எழுதித் தம் செலவிலேயே அச்சிட்டார். தடங்களில் தமக்கு நேர்ந்தவற்றைப் பெயர், நாள், இடம் குறிப்பிட்டுப் பதிவுசெய்த அந்நூலை வீடுவீடாகச் சென்று விற்றார். செய்தித்தாள் போட்ட சிறுவன் ஐம்பது வயதில் மீண்டும் வாசல் வாசலாக நின்றார்.

தாம்பத்தியம் முறிந்தது. 1930 வாக்கில் தனியராகச் சிகாகோ சென்று, கறுப்பினத்தவருக்கென்று தனியே கட்டப்பட்டிருந்த ஒய்.எம்.சி.ஏ. விடுதியில் தங்கினார். சிறுவயதில் அவரை வாசலில் நிறுத்திய அமைப்பு, முதுமையின் தொடக்கத்தில் தனிக்கட்டடத்தில் இடம் தந்தது. 1932 ஜூன் 21 அன்று குக் கவுண்டி பொது மருத்துவமனையின் ஏழைகள் பிரிவில், 53ஆம் வயதில் காலமானார். ஏழைகளுக்கான இடுகாட்டுப் பகுதியில், பெயர்க்கல் இல்லாத குழியில் அடக்கம் செய்யப்பட்டார்.

பதினாறு ஆண்டுகள் கழித்து, 1948இல், முன்னாள் பந்தய வீரர்கள் சிலர் ஒன்றுகூடினர். மிதிவண்டி உற்பத்தியாளர் ஃபிராங்க் ஷ்வின் பொருளுதவி செய்தார். டெய்லரின் உடல் எடுக்கப்பட்டு, அதே இடுகாட்டில் மதிப்புமிக்க இடத்தில் பெயர்ப் பலகையுடன் மீண்டும் அடக்கம் செய்யப்பட்டது. அவரைத் தடத்தில் தடைசெய்த இண்டியானாபொலிஸ் நகரில் 1982இல் அவர் பெயரால் மிதிவண்டி அரங்கம் திறக்கப்பட்டது. 2008இல் வூஸ்டர் பொது நூலகத்தின் முன் நினைவுச் சின்னம் எழுந்தது. 1894இல் வெள்ளையருக்கு மட்டும் என்று விதி வகுத்த அமைப்பின் வழிவந்தவர்கள் அதை முறைப்படி நீக்கியது 1999இல். ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அந்த விதி ஏட்டில் இருந்தது.

சாலை எவருடையது?

டெய்லரின் வண்டியை அவரது வெற்றியின் அடையாளமாக மட்டும் பார்ப்பது எளிது. திறமை இருந்தால் எந்தத் தடையையும் தாண்டலாம் என்று அவரது வாழ்வை முன்மாதிரியாகக் காட்டுவோரும் உண்டு. அவரது வாழ்வு அதற்கு நேர்மாறானதைச் சொல்கிறது. உலகின் சிறந்த எந்திரமும் உலகின் சிறந்த கால்களும் ஒரே மனிதரிடம் சேர்ந்திருந்தன. அப்படியிருந்தும் ஒவ்வொரு பந்தயத்திலும் அவர் இருமடங்கு உழைக்க வேண்டியிருந்தது. அந்த உழைப்பு அவர் உடலை முன்கூட்டியே தின்றது. வண்டியின் எடையைக் குறைக்க உலகம் அறிவியலை ஏவியது. அதில் ஏறியவர் மீது ஏற்றிய எடையைக் குறைக்க எவரும் அவசரப்படவில்லை. தனிமனிதத் திறமை முற்றுகையை ஒரு கணம் பிளக்கலாம். அதைக் கலைப்பதற்குச் சட்டமும் அமைப்பும் திரண்ட மக்களும் வேண்டும்.

செங்கல்பட்டின் வரலாறு இதையே நமக்குச் சொல்கிறது. மாவட்ட ஆட்சியர் டிரெமன்ஹீர் இம்மாவட்டப் பறையர்களின் நிலையைப் பற்றி எழுதிய அறிக்கையின் பயனாக 1892இல் பஞ்சமி நிலங்கள் பிறந்தன. டெய்லர் கடை வாசலில் வித்தை காட்டிக்கொண்டிருந்த காலம் அது. நூறாண்டுகள் கழிந்தும் அந்நிலங்களை மீட்கப் போராட வேண்டியிருந்தது. மாமல்லபுரத்தை அடுத்த காரணையில் எழுந்த அந்தப் போராட்டத்தின் தொடர்ச்சியாக, 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நடந்த காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டுக்கு ஜான் தாமஸும் ஏழுமலையும் பலியாயினர். நிலத்தின் கதையும் சாலையின் கதையும் வேறுவேறல்ல. ஏட்டில் எழுதப்பட்ட உரிமை மண்ணில் இறங்கும்வரை இரண்டும் முடிவதில்லை.

நம்பிக்கைக்கும் இடமுண்டு. தமிழ்நாட்டில் பள்ளி மாணவர்க்கு இலவச மிதிவண்டி வழங்கும் திட்டம், 2001-02 கல்வியாண்டில் மேல்நிலை வகுப்புகளில் பயிலும் ஆதி திராவிடர், பழங்குடியின மாணவியருக்காகவே தொடங்கியது. பின்னர்தான் அனைவருக்கும் விரிந்தது. அந்த வண்டி பந்தய வண்டியன்று, கனமானது. ஆனால் தாத்தா இறங்கித் தள்ளிச் சென்ற தெருவில் பேத்தி ஏறி மிதித்துச் செல்கிறாள் என்றால், அதில் இரட்டைமலை சீனிவாசனின் தீர்மானத்துக்கும் பங்கிருக்கிறது.

அவள் எங்கேனும் இறக்கிவிடப்பட்டால் அதைப் பதிவுசெய்வதும், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் வழக்காக்குவதும், ஊர்கூடிக் கேள்வி கேட்பதும் நம் கடமை. டெய்லர் தமக்கு நேர்ந்தவற்றை நாள் குறித்து எழுதிவைத்ததால்தான் அவரை வழிமறித்தவர்களின் பெயரை இன்று நாம் அறிகிறோம். கல்லூரியில் பயிலும் இளைஞர்கள் தத்தம் ஊரின் தெருக்களைப் பற்றி அப்படி ஒரு பதிவேடு எழுதத் தொடங்கலாம். எந்தத் தெருவில் எவர் இறங்கி நடக்க நேர்கிறது என்பதிலிருந்து அது தொடங்கட்டும்.